வறட்சி குற்றமல்ல, வலி கடமையல்ல!

மாலை ஏழு மணிக்கு உங்கள் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். சர்க்கரை மாத்திரையை எல்லோரும் உரக்கக் கேட்கிறார்கள். இருமல் மருந்துக்கு வெட்கம் கிடையாது. சானிட்டரி நாப்கின் மட்டும் பழைய செய்தித்தாளில் சுற்றப்பட்டு, அதன்மேல் ஒரு கறுப்பு கவரும் மாட்டிக்கொண்டு வெளியே வருகிறது. ஆணுறை வாங்க வந்தவர் கூட்டம் கலையட்டும் என்று ஓரமாகக் காத்திருக்கிறார். இந்த வரிசையில் கடைசி இடம் ஒன்று உண்டு. உடலுறவின்போது உராய்வைக் குறைத்து, வலி இல்லாமல் செய்யும் லூப்ரிகன்ட் ஜெல். அதைக் கேட்க பெரும்பாலானோருக்கு வாயே வருவதில்லை. எதைக் கேட்பது என்றும் தெரிவதில்லை.

கேட்க முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள்? வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயை எடுக்கிறார்கள். இல்லையென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறார்கள். முதல் வழி சில நேரம் ஆபத்தில் முடிகிறது. இரண்டாவது வழி ஒரு தாம்பத்தியத்தையே மெல்லத் தின்றுவிடுகிறது.

“கல்யாணமான புதுசுல அப்படித்தான் இருக்கும்”, “போகப் போகச் சரியாயிடும்”, “இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?” என்ற மூன்று வாக்கியங்களையும் நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். மூன்றுமே தவறு. உறவில் தொடர்ந்து வலி இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல நேரங்களில் எளிய தீர்வும் இருக்கிறது. அந்தத் தீர்வைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதைக் கூச்சத்தை ஒதுக்கிவைத்துப் பேசுவோம்.

மண்பானை வியர்ப்பதுபோல

பெண் உடலில் இயற்கையான வழவழப்பு எங்கிருந்து வருகிறது என்பதே நீண்ட காலம் சரியாகத் தெரியாமல் இருந்தது. கருப்பை வாயிலிருந்தோ, யோனியின் வாசலில் இருக்கும் பார்த்தோலின் சுரப்பிகளிலிருந்தோதான் வருகிறது என்று மருத்துவர்கள் நினைத்திருந்தார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஆய்வு செய்த வில்லியம் மாஸ்டர்ஸ், வர்ஜீனியா ஜான்சன் இருவரும் 1966-ல் வெளியிட்ட நூல் அந்த எண்ணத்தை மாற்றியது. கிளர்ச்சி ஏற்படும்போது யோனிச் சுவரைச் சுற்றியுள்ள நுண்ணிய ரத்தநாளங்களில் ரத்தம் நிறைகிறது. அந்த ரத்தத்தின் நீர்ப்பகுதி சுவர் வழியாகத் துளித்துளியாகக் கசிகிறது. கோடையில் மண்பானையின் வெளிப்புறம் வியர்த்துத் துளிர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே காட்சிதான்.

இந்தக் கசிவு நடக்க ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் போதிய அளவு இருக்க வேண்டும். அது யோனிச் சுவரைத் தடிப்பாகவும் நெகிழ்வாகவும் ஈரமாகவும் வைத்திருக்கிறது. ரத்த ஓட்டமும் நரம்புகளும் நன்றாக இருக்க வேண்டும். மனம் இளகியிருக்க வேண்டும். அவசரமில்லாத நேரம் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் ஈரம் குறையும். கணவன்மேல் உயிரையே வைத்திருக்கும் பெண்ணுக்கும் வறட்சி வரலாம். “உனக்கு என்மேல் ஆசையில்லை” என்று கணவர் முடிவுகட்டுவதும், “எனக்குத்தான் ஏதோ கோளாறு” என்று மனைவி குமைவதும் இந்த எளிய உடலியல் தெரியாததால் வரும் துன்பங்கள்.

யாருக்கெல்லாம் வறட்சி வரும்?

மாதவிலக்கு நின்ற பெண்கள்தான் முதலில் நினைவுக்கு வருவார்கள். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிலக்கு நின்றுவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறையக் குறைய யோனிச் சுவர் மெலிந்து, எளிதில் புண்ணாகும் நிலைக்கு வருகிறது. எரிச்சல், அரிப்பு, உறவில் வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று எல்லாம் கூட்டாக வரலாம். உடல் சூடும் திடீர் வியர்வையும் சில ஆண்டுகளில் பெரும்பாலும் அடங்கிவிடும். வறட்சி அப்படித் தானாக அடங்குவதில்லை. கவனிக்காவிட்டால் கூடிக்கொண்டே போகும்.

கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் அறுவைசிகிச்சையில் எடுத்துவிட்டவர்களுக்கு இந்த மாற்றம் படிப்படியாக வராமல் ஒரே அடியாக வரும். முப்பத்தைந்து, நாற்பது வயதிலேயே ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களில் பலரிடம் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

பால் கொடுக்கும் தாய்மார்களும் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோன் உயர்ந்திருக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்திருக்கும். தையல் ஆறி, மருத்துவர் அனுமதி கொடுத்த பிறகும் உறவில் எரிச்சல் இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

சர்க்கரை நோய் ரத்தநாளங்களையும் நரம்புகளையும் பாதிப்பதால் வறட்சியைக் கொண்டுவரலாம். மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் சிகிச்சை, கீமோதெரபி, இடுப்புப் பகுதிக்குத் தரும் கதிர்வீச்சு ஆகியவற்றின் பின்விளைவாகவும் வரலாம். சளி, அலர்ஜி மாத்திரைகளும் மனச்சோர்வுக்கான சில மருந்துகளும்கூட ஈரத்தைக் குறைக்கும். இவற்றோடு பதற்றம், களைப்பு, அடுத்த அறையில் மாமியார் படுத்திருக்கும் ஒற்றைப் படுக்கையறை வீடு. எல்லாமே உடலில் தெரியும்.

அடுக்களையிலும் அலமாரியிலும் தேடாதீர்கள்

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், நெய், பேபி ஆயில், வாசலின் என்று கையில் கிடைத்ததைப் பயன்படுத்துவது நம் வீடுகளில் சாதாரணம். இதில் ஒரு விஷயம் உயிர்ப் பிரச்னை. லேடெக்ஸ் என்னும் இயற்கை ரப்பரில் செய்த ஆணுறையை எண்ணெய் சிதைத்துவிடும். நம் கடைகளில் கிடைக்கும் ஆணுறைகளில் பெரும்பாலானவை லேடெக்ஸ்தான்.

1989-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாக அளந்து காட்டியது. பேபி ஆயில், லோஷன் போன்றவற்றில் இருக்கும் மினரல் ஆயிலில் வெறும் 60 விநாடி பட்டாலே லேடெக்ஸ் ஆணுறை தன் பலத்தில் ஏறக்குறைய 90 சதவிகிதத்தை இழந்தது. கண்ணுக்கு ஓட்டை தெரியாது. பாதுகாப்பு இருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் மிச்சமிருக்கும். தேங்காய் எண்ணெய் ‘இயற்கையானது’ என்பதால் ரப்பர் அதற்கு விலக்குக் கொடுத்துவிடாது. பாலிஐசோப்ரீன் என்ற வகை ஆணுறைக்கும் எண்ணெய் ஆகாது. எண்ணெயைத் தாங்கக்கூடியவை பாலியூரித்தேன் ஆணுறைகளும் நைட்ரைலில் செய்த பெண்ணுறைகளும்தான்.

ஆணுறை தேவைப்படாத தம்பதி என்றால் எண்ணெய் பயன்படுத்தலாமா? உடனடி ஆபத்து குறைவு. ஆனால் தொற்று பற்றிய கவலை இருக்கிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் பெண்களிடம் நடத்தி 2013-ல் வெளியான ஆய்வில், பெட்ரோலியம் ஜெல்லியை யோனிக்குள் பயன்படுத்தியவர்களுக்கு பாக்டீரியா கிருமிப் பெருக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. எண்ணெய் பயன்படுத்தியவர்களிடம் கேண்டிடா என்ற பூஞ்சை அதிகமாக இருந்தது. 141 பெண்களை மட்டுமே கொண்ட சிறிய ஆய்வுதான். ஆனாலும் அடிக்கடி வெள்ளைப்படுதலும் அரிப்பும் வரும் பெண்கள் இதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வது நல்லது.

எச்சில்? விரைவில் காய்ந்துவிடும். வாயிலும் தொண்டையிலும் இருக்கும் கிருமிகளைப் பிறப்புறுப்புக்குக் கொண்டுபோகும். ஹெர்பிஸ் உள்ளவர்களின் எச்சில் அந்த வைரஸைக் கடத்தலாம். தோட்டத்துச் சோற்றுக் கற்றாழையை வெட்டி நேரடியாகத் தடவுவதும் வேண்டாம். அதன் தோலடியில் இருக்கும் மஞ்சள் பால் எரிச்சலைத் தரும்.

தயிரின் புளிப்பும் மாவடுவின் சுருக்கமும்

கடையில் விற்பதெல்லாம் பாதுகாப்பானதா என்றால், அதுவும் இல்லை. ஏன் என்று புரிந்துகொள்ள நம் சமையலறையில் இருக்கும் இரண்டு ஜாடிகள் போதும்.

முதலாவது தயிர் ஜாடி. பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்களின் உறவுக்காரர்களான லாக்டோபேசில்லஸ்கள் ஆரோக்கியமான யோனியில் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் 1892-லேயே இவற்றை விவரித்தார். இவை லாக்டிக் அமிலத்தைச் சுரந்து அந்த இடத்தைப் புளிப்பாக வைத்திருக்கின்றன. அமிலத்தன்மையைச் சொல்லும் பி.எச். அளவு அங்கே 3.8 முதல் 4.5 வரை இருக்கும். நோய்க்கிருமிகள் பலவற்றுக்கு இந்தப் புளிப்பு ஒத்துவராது. பி.எச். அதிகமான, அதாவது புளிப்பு குறைந்த, ஒரு ஜெல்லையோ சோப்பையோ உள்ளே செலுத்தினால் இந்தப் பாதுகாப்பு குலைகிறது. அதற்காகத் தயிரை எடுத்துத் தடவக் கிளம்பிவிட வேண்டாம். இந்தப் பாக்டீரியா வேறு, அது வேறு.

இரண்டாவது மாவடு ஜாடி. பச்சைப் பசேலென்று உருண்டையாக இருக்கும் மாவடு, உப்பில் ஊறியதும் தோல் சுருங்கிப்போகிறது. ஜாடியில் ஊற்றாத தண்ணீர் எங்கிருந்து வந்தது? உப்பின் அடர்த்தி மாவடுக்குள் இருந்த நீரை வெளியே இழுத்துவிட்டது. அடர்த்தி மிகுந்த லூப்ரிகன்ட் ஜெல்லும் யோனிச் சுவரின் செல்களுக்கு இதையேதான் செய்கிறது. தொடும்போது நன்றாக வழுக்கும். ஆனால் செல்லுக்குள் இருக்கும் நீரை உறிஞ்சி, மேற்படலத்தைச் சுருக்கி உரித்துவிடும். உறவு முடிந்தபின் எரிச்சல் வருவதற்கு இது ஒரு காரணம். உரிந்த படலம் கிருமிகளுக்குத் திறந்த கதவு.

இந்த அடர்த்தியை ஆஸ்மோலாலிட்டி என்ற அளவால் சொல்கிறார்கள். யோனியின் இயல்பான திரவத்தில் அது ஒரு கிலோவுக்குச் சுமார் 370 மில்லி ஆஸ்மோல். உலகச் சந்தையில் விற்கும் ஜெல்களில் சில 2,000-ஐயும் தாண்டுகின்றன. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் எஃப்.எச்.ஐ. 360 அமைப்பும் சேர்ந்து 2012-ல் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டன. ஆஸ்மோலாலிட்டி 380-க்கு மேல் போகாமல் இருப்பதே சிறந்தது. சந்தையில் உள்ள பெரும்பாலான ஜெல்கள் அதைத் தாண்டுவதால், இப்போதைக்கு 1,200 வரை ஏற்கலாம். யோனிக்கான ஜெல்லின் பி.எச். 4.5-ஐ ஒட்டி இருக்க வேண்டும். இதுதான் அதன் சாரம்.

அடர்த்தியை ஏற்றும் இரண்டு பொருட்களின் பெயரை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்: கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால். இரண்டும் மருந்துகளிலும் அழகுசாதனங்களிலும் புழங்கும் பொருட்கள்தான். சிறிய அளவில் பயமில்லை. அளவு மிஞ்சும்போதுதான் மாவடுக் கதை. கிளிசரின் 9.9 சதவிகிதத்தையும் புரோப்பிலீன் கிளைக்கால் 8.3 சதவிகிதத்தையும் தாண்டக் கூடாது என்று அதே வழிகாட்டுதல் வரையறுக்கிறது.

நல்லது என்று நம்பியது கெடுதலாக முடிந்த கதை

ஒரு பொருள் ஆய்வுக்கூடத்தில் கிருமியைக் கொன்றாலே உடலுக்குப் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. இதை உலகம் கொடுமையான ஒரு பாடத்தின் மூலம் கற்றது. நோனாக்ஸினால்-9 என்ற விந்தணுக்கொல்லி ஒரு காலத்தில் ஆணுறைகளிலும் லூப்ரிகன்ட்களிலும் தாராளமாகக் கலக்கப்பட்டது. அது சோதனைக் குழாயில் எச்.ஐ.வி.யை அழித்தது. அதனால் பெண்களை எச்.ஐ.வி.யிலிருந்து காக்கும் என்ற பெரும் நம்பிக்கை இருந்தது. பெனின், ஐவரி கோஸ்ட், தென்னாப்பிரிக்கா, தாய்லாந்து ஆகிய நாடுகளின் பாலியல் தொழிலாளர்களிடம் அந்த ஜெல்லைக் கொடுத்துச் சோதித்தார்கள். 2000-ல் டர்பன் நகரில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டில் முடிவு வெளியானபோது அரங்கமே அதிர்ந்தது. அந்த ஜெல்லை அடிக்கடி பயன்படுத்திய பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்று கூடுதலாக இருந்தது. கிருமியைக் கொல்ல வந்த பொருள் யோனிச் சுவரையும் அரித்துப் புண்ணாக்கி, அதே கிருமிக்கு வழிவிட்டிருந்தது. தங்களைக் காக்கும் என்று நம்பி அதைப் பூசிக்கொண்ட பெண்கள் அவர்கள்.

அதனால்தான் லேபிளில் நோனாக்ஸினால்-9 என்ற பெயரைப் பார்த்தால் வாங்காதீர்கள் என்கிறோம். குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி கலந்ததும் வேண்டாம். அது கெட்ட கிருமிகளோடு சேர்த்து லாக்டோபேசில்லஸையும் கொல்வது ஆய்வுக்கூடச் சோதனையில் தெரிந்திருக்கிறது. பாலிக்வாட்டர்னியம் என்று தொடங்கும் பொருட்களையும் தவிர்க்கச் சொல்கிறது 2012 வழிகாட்டுதல்.

மூன்று வகை, மூன்று குணம்

நீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல்தான் பெரும்பாலோருக்கு ஏற்ற முதல் தேர்வு. எல்லா ஆணுறைகளோடும் ஒத்துப்போகும். தண்ணீரில் கழுவினால் போய்விடும். துணியில் கறை பிடிக்காது. குறை என்றால், சற்று நேரத்தில் காய்ந்துவிடும். காய்ந்தால் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். அல்லது சில துளி தண்ணீர் தொட்டால் மீண்டும் வழவழப்பு வரும்.

சிலிக்கான் ஜெல் காயாது. வெகுநேரம் நிற்கும். லேடெக்ஸ் ஆணுறைக்குக் கெடுதல் செய்யாது. கடையில் வாங்கும் ஆணுறையில் ஏற்கெனவே தடவியிருப்பதும் பெரும்பாலும் சிலிக்கான் எண்ணெய்தான். சிலிக்கானில் நீர் இல்லாததால் மாவடுப் பிரச்னையும் கிடையாது. தோல் எளிதில் எரிச்சலாகும் பெண்களுக்கும், மாதவிலக்கு நின்று கடும் வறட்சியில் இருப்பவர்களுக்கும் இது பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறது. விலை கூடுதல். கழுவ சோப்பு வேண்டும். தரையில் சிந்தினால் வழுக்கி விழ வாய்ப்பு உண்டு, வயதானவர்கள் கவனம். சிலிக்கானால் ஆன சாதனங்களோடு இதைச் சேர்க்கக் கூடாது.

எண்ணெய் வகையின் இடம் எது என்று மேலேயே பார்த்துவிட்டோம். ஆணுறை இருக்கும் இடத்தில் எண்ணெய்க்கு இடமில்லை.

இந்த மூன்றுக்கும் வெளியே இன்னொன்று இருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் பொதுவாக ‘ஜெல்’ என்று முணுமுணுத்தால், ஆஸ்பத்திரியில் குழாய் செருகப் பயன்படும் லிக்னோகெயின் ஜெல்லி கைக்கு வந்துவிடலாம். அது மரத்துப்போகச் செய்யும் மருந்து. வலி தெரியாததால் காயம் ஏற்படுவதும் தெரியாது. துணையின் உறுப்பும் சேர்ந்து மரத்துப்போகும். வலி என்பது உடல் அடிக்கும் மணி. மணியின் நாக்கைக் கட்டிவைப்பது மருத்துவமாகாது. ஆகவே தெளிவாகவே கேளுங்கள்: “வாட்டர் பேஸ்டு லூப்ரிகன்ட் ஜெல் கொடுங்க.” ஐந்தே சொற்கள்தான்.

லேபிளில் பார்க்க வேண்டியவை

• லேடெக்ஸ் ஆணுறையோடு பயன்படுத்தலாம் என்ற குறிப்பு இருக்கிறதா?

• முதலில் இருக்கும் பொருள்தான் பொதுவாக அதிக அளவில் இருக்கும். தண்ணீருக்கு அடுத்த இடத்திலேயே கிளிசரினோ புரோப்பிலீன் கிளைக்காலோ இருந்தால் வேறொன்றைத் தேடுங்கள். ஹைட்ராக்ஸிஎத்தில் செல்லுலோஸ் போன்ற தாவர நாரிலிருந்து வரும் கெட்டிப்பொருள் இருந்தால் நல்லது.

• பி.எச்., ஆஸ்மோலாலிட்டி அளவுகளைச் சொல்லும் நிறுவனங்கள் குறைவு. சொல்லியிருந்தால் 4.5, 380 என்ற இரண்டு எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

• நறுமணம், ஸ்ட்ராபெர்ரி சுவை, சர்க்கரை, ‘சூடு தரும்’, ‘குளிர்ச்சி தரும்’ என்ற விளம்பரங்கள் எதுவும் யோனிக்குத் தேவையில்லை. மென்தாலும் மிளகாய்ச் சத்தும் கலந்தவை எரிச்சலையே தரும்.

• ‘ஆயுர்வேதம்’, ‘ஹெர்பல்’, ‘இயற்கை’ என்ற சொற்களை மட்டும் நம்பி வாங்காதீர்கள். உள்ளே இருப்பதன் பட்டியலே அச்சிடாத பொருளைத் தொடவே வேண்டாம்.

• தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், காலாவதி தேதி மூன்றும் இருக்க வேண்டும்.

• புதிதாக வாங்கியதை முழங்கையின் உட்புறம் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். சிவப்போ அரிப்போ இல்லையென்றால் பயன்படுத்துங்கள்.

பயன்படுத்தும் முறை

கையைக் கழுவுங்கள். ஒரு நாணய அளவு ஜெல்லை எடுத்து, யோனியின் வாசலிலும் ஆணுறையின் வெளிப்புறத்திலும் தடவுங்கள். வலி தொடங்கியபின் தேடுவதைவிட முன்பே தடவிக்கொள்வது நல்லது. ஆணுறைக்குள் நுனியில் ஒரே ஒரு துளி போதும். அதிகமானால் ஆணுறை கழன்றுவிடும். முடிந்தபின் வெளிப்புறத்தை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். யோனிக்குள் சோப்பும் வாசனைத் திரவமும் செல்லவே கூடாது.

லூப்ரிகன்ட் கர்ப்பத்தைத் தடுக்காது, பால்வினை நோயையும் தடுக்காது. அது ஆணுறைக்குத் துணை, மாற்று அல்ல.

குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்கு

குழந்தைக்கு முயலும் தம்பதிகளை மருத்துவர்கள் குறிப்பிட்ட நாட்களில் சேரச் சொல்வார்கள். தேதி பார்த்துச் சேரும் பதற்றத்திலேயே வறட்சி வந்துவிடும். சாதாரண லூப்ரிகன்ட்கள் பலவும் எச்சிலும் விந்தணுவின் நீந்தும் வேகத்தைக் குறைப்பது ஆய்வுக்கூடத்தில் தெரிந்திருக்கிறது. ஆனால் லூப்ரிகன்ட் பயன்படுத்திய தம்பதிகளுக்குக் கருத்தரிப்பு தள்ளிப்போனதாக, தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில் தெரியவில்லை. ஆகவே ஏற்கெனவே பயன்படுத்தியவர்கள் கலங்க வேண்டாம். இனி வாங்கும்போது, கருத்தரிக்க முயல்பவர்களுக்கென்றே விந்தணுவுக்கு ஏற்ற பி.எச்., ஆஸ்மோலாலிட்டி அளவில் தயாரித்த ஜெல்லை உங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

பேசத் தயங்கும் இன்னொரு இடம்

யோனிக்காவது சொந்த ஈரம் உண்டு. ஆசனவாய்க்கும் மலக்குடலுக்கும் உறவுக்கான ஈரத்தைச் சுரக்கும் ஏற்பாடு கிடையாது. யோனியின் சுவர் பல அடுக்கு செல்களால் ஆனது. மலக்குடலின் உட்சுவரோ ஒரே அடுக்கு. எளிதில் கிழியும், கிருமி எளிதில் நுழையும். ஆசனவழி உறவில் ஈடுபடும் யாராக இருந்தாலும், ஆணும் பெண்ணும் சேர்ந்த தம்பதி உட்பட, ஆணுறையும் தாராளமான லூப்ரிகன்ட்டும் இல்லாமல் ஈடுபடக் கூடாது. மலக்குடலுக்கான ஜெல்லின் பி.எச். 5.5 முதல் 7 வரை இருக்கலாம் என்கிறது 2012 வழிகாட்டுதல். நீண்ட நேரம் நிற்கும் சிலிக்கான் வகை இதற்கு ஏற்றது. எச்சிலை இதற்குப் பயன்படுத்திய ஆண்களிடம் மலக்குடல் கொனோரியா தொற்று கூடுதலாக இருந்ததை மெல்போர்ன் ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் அதைச் செய்தார்கள். அதன்பின் ஆணுறையைப் பற்றிச் சுவரெல்லாம் எழுதிப் பேசப் பழகிய மாநிலம் இது. எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான ‘புள்ளிராஜா’ விளம்பரத்தை மறந்தவர் உண்டா? தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்களுக்கும் திருநங்கைகளுக்கும் ஆணுறையோடு லூப்ரிகன்ட்டும் வழங்கப்படுகிறது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவின் பிடியிலிருந்து இவர்களை விடுவித்துவிட்டது. கூச்சத்தின் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டியது நாம்தான். சந்தேகம் இருப்பவர்கள் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம்.

ஜெல் மட்டும் போதாத இடங்கள்

லூப்ரிகன்ட் என்பது உறவு நேரத்துக்கானது. நாள் முழுக்க வறட்சியும் எரிச்சலும் இருப்பவர்களுக்கு வாரத்தில் இரண்டு, மூன்று முறை பயன்படுத்தும் யோனி மாய்ஸ்சரைசர் இருக்கிறது. ஹையலூரானிக் அமிலம் கலந்தவை இப்போது கிடைக்கின்றன. அதிலும் குணமாகாத, மாதவிலக்கு நின்ற பெண்களுக்குக் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீமை மருத்துவர் எழுதிக்கொடுப்பார். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் மட்டும் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

உறவுக்குப் பின் ரத்தக்கசிவு, மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப் பிறகு எப்போதாவது வரும் ரத்தப்போக்கு, துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், அடிவயிற்றின் ஆழத்தில் வலி. இவற்றில் எது இருந்தாலும் ஜெல்லைத் தேடாமல் மருத்துவரைத் தேடுங்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயின் முதல் அறிகுறி உறவுக்குப் பின் வரும் ரத்தமாக இருக்கலாம். திருமணமாகி மாதங்கள் ஆகியும் உறவே சாத்தியப்படாமல் யோனித் தசைகள் இறுகிக்கொள்ளும் பெண்களும் இருக்கிறார்கள். வெஜைனிஸ்மஸ் என்ற இந்த நிலையை ‘ஒத்துழைக்காத மனைவி’ என்ற பழியால் மூடிவிடுகிறோம். பயிற்சியாலும் ஆலோசனையாலும் குணமாகக்கூடியது அது. பழி சொல்வதற்கு அங்கே யாரும் இல்லை.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2,453 பெண்களிடம் ஐந்து வாரங்களுக்குத் தினமும் குறிப்பெழுதச் சொல்லி ஆராய்ந்தார்கள். நீர் வகையோ சிலிக்கான் வகையோ லூப்ரிகன்ட் பயன்படுத்திய நாட்களில் அந்தப் பெண்களுக்கு இன்பமும் நிறைவும் கூடியிருந்தன. எரிச்சல் போன்ற தொந்தரவுகள் அரிதாகவே இருந்தன. லூப்ரிகன்ட் கேட்கும் மனைவி உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களோடு வலியில்லாமல் சேர விரும்புகிறாள். அந்த நம்பிக்கைக்கு உரியவராக இருங்கள். நேரம் கொடுங்கள். வலிக்கிறதா என்று கேளுங்கள். வலிக்கிறது என்றால் நிறுத்துங்கள். கடைக்குப் போகும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

விஜய் டிவியில் டாக்டர் மாத்ருபூதமும் டாக்டர் ஷர்மிளாவும் ‘புதிரா புனிதமா’ நிகழ்ச்சியில் இவற்றையெல்லாம் பேசியபோது முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தவர்கள் அதைவிட அதிகம். அன்று வீட்டுக்குள் வந்த பேச்சு இன்று கடைக் கவுன்ட்டர் வரை வர வேண்டும். மகப்பேறு மருத்துவர்கள் பிரசவத்துக்குப் பின் வரும் முதல் பரிசோதனையிலும், மாதவிலக்கு நின்ற பெண்ணின் பரிசோதனையிலும், “உறவில் வலி இருக்கிறதா?” என்று தாங்களாகவே கேட்க வேண்டும். நிறுவனங்கள் பி.எச்., ஆஸ்மோலாலிட்டி இரண்டையும் லேபிளில் அச்சிட வேண்டும். அரசு அதைக் கட்டாயமாக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்காரர்கள் அந்தச் சின்ன டியூபை இருமல் மருந்தைக் கொடுப்பதுபோலக் கொடுக்கப் பழக வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். இதைப் படித்து முடித்ததும் உங்கள் துணையிடம் கொடுங்கள். உங்கள் அக்காவுக்கோ, அண்மையில் ஆபரேஷன் செய்துகொண்ட தோழிக்கோ, கைக்குழந்தையோடு இருக்கும் தங்கைக்கோ இது தேவைப்படலாம். அவர்கள் கேட்க மாட்டார்கள். நீங்களாகவே கொடுத்துவிடுங்கள்.